ஆளைப் பின்தொடரும் கைப்பேசித் தாங்கி: உழவர் தம் வேலையைத் தாமே படமெடுக்கலாம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் நோணாங்குப்பம் வரும். சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம் இங்கு இருப்பதால் இவ்வூரின் பெயர் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் தெரியும். படகுத்துறைப் பக்கம் போனால் இளைஞர்கள் சிலர் ஒரு கைப்பிடியின் நுனியில் கைப்பேசியை மாட்டிக்கொண்டு நடமாடுவதைக் காணலாம். கைப்பிடி எப்படி ஆடினாலும் நுனியில் உள்ள கைப்பேசி மட்டும் ஆடாமல் நேராக நிற்கும். இந்தக் கருவிக்குக் "கிம்பல்" என்று பெயர். கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சென்ற சம்பாப் பருவத்தில், 60 சென்ட் நிலத்தில் தாமே பாடுபட்டுப் பயிர் செய்யும் ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், அந்தப் பிள்ளைங்க வச்சிருக்கற குச்சி நமக்கும் உதவுமா? நான் களைக்கருவி ஓட்டறத எங்க குழுவுக்குக் காட்டணும். படம் புடிக்கத்தான் ஆள் இல்ல. ஆள் இருந்தா அவங்களையும் களை எடுக்கவே கூப்பிட்டுக்குவேனே!"

கேள்வி நியாயமானது. சிறு விவசாயி தனியாளாக வேலை செய்கிறார். அவருடைய இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது கைப்பேசியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அந்த மூன்றாவது கையாக இக்கருவி உதவுமா, உதவினால் எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். அது கைவிட்ட ஓர் இடத்தில் ஒரு விவசாயியின் விதைநெல் வீணானது. அதற்குப் பொறுப்பு கருவி அன்று; நான்தான். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உழவரின் படம் உழவருக்கு

படம் காட்டி வேளாண்மை கற்பிப்பது புதிய செயல் அன்று. டெல்லித் தொலைக்காட்சியில் "கிருஷி தர்ஷன்" நிகழ்ச்சி 1967-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, உடல்நல நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. தமிழில் "வயலும் வாழ்வும்" நிகழ்ச்சியை நம் உழவர்கள் நன்கு அறிவர். இவை அனைத்திலும் பேசுபவர் எங்கோ இருந்தார். கேட்பவர் கிராமத்தில் இருந்தார்.

இந்த நிலையை மாற்றியதில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. "செய்து பார்த்துக் கற்றல்" என்பதே அந்த நிலையத்தின் கொள்கை. பின்னர் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை ஏற்படுத்தத் தொடங்கியது. வில்லியனூர் அதற்கு நடுமையமாக இருந்தது. நோணாங்குப்பத்திற்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியைக் கொண்டு மக்களை வெளியேறச் செய்தனர். பல நூறு குடும்பங்கள் உயிர் தப்பின. ஊராருடைய கையில், ஊராருடைய குரலில் இருக்கும் கருவியே ஆபத்துக் காலத்தில் உதவும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2006-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வு நிறுவனத்தில் ரிகின் காந்தி என்பவரும் அவருடைய குழுவினரும் "டிஜிட்டல் கிரீன்" என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். அந்தந்த வட்டார உழவர்களையே நடிக்க வைக்காமல், வேலை செய்ய வைத்துப் படமெடுத்து, பக்கத்துக் கிராமங்களில் குழுவாக அமரவைத்துக் காட்டினார்கள். கர்நாடகக் கிராமங்களில் நடந்த இச்சோதனையின் முடிவு 2009-இல் வெளிவந்தது. செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலனைக் கணக்கிட்டால், வழக்கமான விரிவாக்க முறையைப் போல் 10 மடங்கு என்று அந்த ஆய்வு தெரிவித்தது. படம் பார்த்த உழவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "இவர் யார்? எந்த ஊர்?" என்பதுதானாம். தம்மைப் போன்ற ஒருவர் செய்தால்தான் தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அறிவியலாளர் பத்து முறை சொல்வதும், அடுத்த வரப்புக்காரர் ஒரு முறை செய்து காட்டுவதும் ஒன்றாகா.

அன்று இத்தகைய படம் எடுக்கத் தனிக் கேமராவும், படத்தைத் தொகுக்கக் கணிப்பொறியும் தேவைப்பட்டன. இன்று கைப்பேசி ஒன்றே போதும். ஆனால் கையில் பிடித்து எடுக்கும் படம் ஆடுகிறது. ஆடும் படத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றும். பெரிய திரையில் காட்டினால் இன்னும் மோசம். இங்குதான் கிம்பல் வருகிறது.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது?

கடலுக்குச் செல்லும் கப்பல்களில் திசைகாட்டியை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களில் தொங்கவிடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் திசைகாட்டி மட்டமாகவே இருக்கும். அதே தத்துவம்தான் இங்கும். 1970-களில் அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரௌன், எடைகளையும் வில்லமைப்பையும் கொண்டு "ஸ்டெடிகேம்" என்ற கருவியை உருவாக்கினார். நடந்துகொண்டே ஆடாமல் படமெடுக்க அது உதவியது. இன்றைய கைப்பேசி கிம்பலில் எடைகளின் வேலையை மூன்று சிறு மோட்டார்கள் செய்கின்றன. பலரும் அறிந்த டி.ஜே.ஐ. நிறுவனத்தின் "ஆஸ்மோ மொபைல்" கருவி 2016-இல் வந்தது. இப்போது பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன.

மூன்று மோட்டார்கள் எதற்கு? உங்கள் தலையையே எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று இடமும் வலமும் ஆட்டுவது ஓர் அசைவு. "ஆமாம்" என்று மேலும் கீழும் ஆட்டுவது இரண்டாவது. தோள்பக்கம் சாய்ப்பது மூன்றாவது. இந்த மூன்று அசைவுகளுக்கும் ஒவ்வொரு மோட்டார். கருவியில் உள்ள நுண்ணிய உணரிகள், கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை ஒரு நொடிக்குள் பலமுறை அளக்கின்றன. கை வலப்பக்கம் சாய்ந்தால் மோட்டார் அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடும். அதனால் கைப்பேசி அசைவதில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. இக்கருவி திரும்பும் அசைவுகளை மட்டுமே சரிசெய்யும். நடக்கும்போது உடம்பு முழுவதும் மேலெழுந்து கீழிறங்குகிறதே, அதை அது முழுமையாகத் தடுக்காது. அதற்கு மருந்து உங்கள் காலில் இருக்கிறது. தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் பெண்கள் எப்படி நடக்கிறார்கள்? முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, அடியைச் சிறிதாக எடுத்து வைக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் சிந்துவதில்லை. அதே நடைதான் கிம்பலுக்கும் வேண்டும். வரப்பின் மேல் நடந்து பழகிய கால்களுக்கு இது எளிது.

தானே பின்தொடர்தல்

தனியாளாக வேலை செய்யும் உழவருக்குப் பயன்படுவது இக்கருவியின் மற்றொரு திறன். கைப்பேசியில் அந்நிறுவனத்தின் செயலியைத் திறந்து, திரையில் தெரியும் ஆளின் மீது விரலால் தொட வேண்டும், அல்லது அவரைச் சுற்றி ஒரு கட்டம் வரைய வேண்டும். அவருடைய உருவத்தையும் நிறத்தையும் செயலி அடையாளம் வைத்துக்கொள்கிறது. அவர் நகர்ந்து திரையின் ஓரத்துக்குப் போனால், மோட்டாருக்குக் கட்டளை பிறக்கிறது. கைப்பேசி அவர் பக்கம் திரும்புகிறது. ஆக, கருவியை ஒரு முக்காலியில் வைத்து வரப்பில் நிறுத்திவிட்டால், வயலில் இங்கும் அங்கும் நடப்பவரை அது விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் அதற்குக் கால் இல்லை. திரும்புமே தவிரக் கூடவே நடந்து வராது. நீங்கள் வயலின் கோடிக்குப் போனால் படத்தில் எறும்பளவு தெரிவீர்கள். மேலும், பின்வரும் இடங்களில் அது தடுமாறும்:

1. தென்னை மரம், மோட்டார் கொட்டகை, உயர்ந்த பயிர் ஆகியவற்றின் பின்னால் ஆள் மறைந்தால்.

2. ஒரே நிறத்தில் உடுத்திய இருவர் அருகருகே வந்தால்.

3. சூரியன் எதிரே இருந்து, ஆள் கறுத்த நிழலாகத் தெரிந்தால்.

4. விடியற்காலை, அந்தி போன்ற மங்கிய வெளிச்சத்தில்.

5. கட்டத்தை மிகச் சிறிதாக வரைந்தால், அல்லது ஆள் திடீரென்று வேகமாக நகர்ந்தால்.

இவற்றில் இரண்டாவதை நான் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த தவறு

கேள்வி கேட்ட அம்மையாரின் வயலில் முதலில் விதைத் தேர்வைப் படமெடுத்தோம். படகுத்துறையில் படமெடுக்கும் தம்பி ஒருவர் தம் கருவியைக் கொடுத்து உதவினார். அம்மையார் வேலையைச் செய்தார். நான் கருவியை முக்காலியில் வைத்து அவர் மீது கட்டம் வரைந்துவிட்டு, பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன்.

உப்புக் கரைசலில் நெல் விதையைத் தேர்வு செய்யும் முறையை நீங்கள் அறிவீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழி முட்டையைப் போட்டால் அடியில் தங்கும். சமையல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே எழும்பி, ஒரு நாணய அகலத்துக்கு வெளியே தெரியும். அப்போது விதையைக் கொட்டிக் கலக்கினால், பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அவற்றை நீக்கிவிட்டு, அடியில் தங்கிய கனத்த விதையை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

அம்மையார் விதையைக் கழுவக் கைக்குழாய்ப் பக்கம் போனார். வழியில் ஒரு தென்னை மரம். அவர் மரத்துக்குப் பின்னால் மறைந்த அதே நேரத்தில், அவரைப் போலவே பச்சைச் சேலை உடுத்திய அவருடைய நாத்தனார் கூடையோடு எதிரே வந்தார். கருவி அவரைப் பிடித்துக்கொண்டு, அவர் மாட்டுத் தொழுவத்துக்குப் போகும்வரை அழகாகத் தொடர்ந்தது. விதை கழுவியது படத்தில் இல்லை. நான் விளக்கத்திலும் அதைச் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கிறார்களே என்று இருந்துவிட்டேன். அன்று மாலை படத்தை ஓட்டிப் பார்த்தபோது, ஒரு சிறு ஆட்டமும் இல்லாமல் வழவழவென்று ஓடியது. நாத்தனார் வந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டினோம். முட்டை மிதக்கிறது, பதர் நீங்குகிறது, அடுத்த காட்சியில் விதை சாக்கில் கட்டப்படுகிறது. படத்தின் அழகில் மயங்கிவிட்ட எனக்கு, இடையில் ஒரு வேலை விடுபட்டது தெரியவே இல்லை.

பத்து நாள் கழித்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். அதற்கு முன் இம்முறையைச் செய்தறியாதவர். கைப்பேசியில் வந்த எங்கள் படத்தைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார். முளைப்பு சரியில்லை, நாற்றங்காலில் பாதி இடம் வெறும் சேறு. "உப்பைக் கழுவினீர்களா?" என்று கேட்டேன். "படத்துல கழுவலியே சார்" என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அவருக்கு வேறு விதைநெல் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பருவத்தில் கழிந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க என்னால் இயலவில்லை.

ஆடும் படத்தைப் பார்ப்பவர் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பார். ஆடாத படத்தை முழுவதும் நம்பிவிடுவார். ஆகையால், படம் எவ்வளவுக்கு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது.

எதைத் தொடர விடலாம், எதை விடக்கூடாது?

இரண்டாவது தவறு இதைவிடச் சிறியது. ஆனால் பாடம் பெரியது. அம்மையார் களைக்கருவி ஓட்டுவதை எடுத்தபோது, கட்டத்தை அவருடைய முகத்தின் மீது வரைந்துவிட்டேன். மகளிர் குழுவில் படம் காட்டியபோது ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "அக்கா முகம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டற கருவி எங்க?" என்றார். கருவி அம்மையாரின் முகத்தையே நடுவில் வைத்திருந்ததால், களைக்கருவியின் உருளைகள் படத்தின் அடியில் பாதி வெட்டுப்பட்டிருந்தன.

வயல் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

நடந்து செய்யும் வேலைகள்: கோனோ களைக்கருவி ஓட்டுதல், உரம் வீசுதல், கயிறு பிடித்து வரிசை அமைத்தல், பரம்பு அடித்தல், பவர் டில்லர் ஓட்டுதல் முதலியவை. இவற்றுக்குப் பின்தொடரும் முறை மிகவும் ஏற்றது. ஆளின் முகத்தை மட்டும் அன்றி, தலை முதல் கருவி வரை முழுவதும் அடங்குமாறு பெரிய கட்டம் வரைய வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டு, நட்ட 10-ஆம் நாள் முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுகிறோம். கருவியை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும் அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது கடினம். படத்தில் பார்த்தால் எளிதில் பிடிபடும்.

கையால் செய்யும் வேலைகள்: முட்டை மிதப்பதைக் காட்டுதல், மருந்து அளத்தல், நாற்றை வேரில் மண்ணோடு எடுத்து நடுதல், ஒட்டுக் கட்டுதல், இலையின் அடியில் பூச்சியைக் காட்டுதல் முதலியவை. இவற்றுக்குப் பின்தொடரும் முறையை அடியோடு நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியைக் கிட்டத்தில் அசையாமல் வைத்து, கைகளை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கும்போது, பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது அந்தப் 10 கிராம்தான். தராசின் முள்ளோ எண்ணோ படத்தில் தெரிவதுடன், "கிலோவுக்குப் பத்து கிராம்" என்று வாயாலும் சொல்ல வேண்டும்.

படமெடுக்கும் முறை

1. முதலில் வேலையின் படிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். விதைத் தேர்வு என்றால் முட்டை, உப்பு, விதை, பதர் நீக்கம், கழுவுதல், ஊறவைத்தல் என்று ஆறு படிகள். ஒவ்வொரு படியையும் தனித்தனித் துண்டாக எடுத்து, எடுத்தவுடன் தாளில் குறியிடுங்கள்.

2. கைப்பேசியின் கனத்த உறையையும் பின்னால் ஒட்டியிருக்கும் வளையத்தையும் கழற்றிவிட்டுக் கிம்பலில் மாட்டுங்கள். மின்சாரம் போடுவதற்கு முன்பே கைப்பேசி ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் நடுவுக்கு நகர்த்துங்கள். சமன் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகும். மின்கலம் விரைவில் தீரும்.

3. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நம் கடலோரத்தில் பிற்பகலில் கடற்காற்று எழும். ஒலிப்பதிவில் காற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். காலை 7 மணி முதல் 10 மணி வரை நல்ல நேரம். கைப்பேசியை உச்சி வெயிலில் நெடுநேரம் நிறுத்தினால் சூடேறி, பதிவு தானே நின்றுவிடும்.

4. முக்காலியை வரப்பில் ஊன்றும்போது காலடியில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஈர வரப்பில் அது சாய்ந்து சேற்றில் விழுந்த கதைகள் உண்டு. இக்கருவிகள் பெரும்பாலும் தண்ணீரைத் தாங்கா.

5. வேலை செய்பவர் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் உடுத்தட்டும். தலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டாலும் போதும். மற்றவர்கள் சிறிது நேரம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கருவியிலிருந்து சுமார் 10 முதல் 20 அடிக்குள் வேலை செய்யுங்கள். வயல் முழுவதும் உழுவதைக் காட்டத் தேவையில்லை. நான்கு வரிசை காட்டினால் போதும்.

7. கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு என்றால் நெடுக்காகவும், குழுவில் திரையில் காட்ட என்றால் படுக்கையாகவும் எடுங்கள். முதலிலேயே இதை முடிவு செய்ய வேண்டும்.

8. முழுப்படமும் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். தொடக்கத்தில் பெயரும் ஊரும் சொல்லுங்கள். எந்தப் பருவம், என்ன மண், என்ன இரகம் என்பதையும் சொல்லுங்கள். களிமண்ணுக்குச் சொன்னது மணல்பாங்கான நிலத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

9. பிறருக்கு அனுப்புவதற்கு முன், அந்த வேலையை ஒருமுறைகூடச் செய்தறியாத ஒருவருக்குப் படத்தைக் காட்டுங்கள். பார்த்தபின் படிகளை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஒரு படியை விட்டுவிட்டால், அது படத்தில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்த ஒன்பதாவது வேலையைத்தான் நான் அன்று செய்யத் தவறினேன்.

வாங்கலாமா?

இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, பத்தாயிரத்துக்கு மேலும் போகிறது. ஒரு பருவத்தில் நான்கைந்து நாட்கள் பயன்படும் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைப்பது வீண் செலவு. சுய உதவிக் குழுவோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ பொதுவில் ஒன்று வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஊரில் படமெடுக்கும் இளைஞர் இருந்தால், அவரிடம் ஒருநாள் இரவல் வாங்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

வாங்குவோர் மூன்றைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, உங்கள் கைப்பேசியின் எடையை அது தாங்குமா? பெயர்பெற்ற கருவி ஒன்று 170 முதல் 290 கிராம் வரை உள்ள கைப்பேசிகளுக்கே ஏற்றது. உறையோடு சேர்த்தால் சில கைப்பேசிகள் இதைத் தாண்டிவிடும். இரண்டாவது, பின்தொடரும் வசதி எந்தச் செயலியில் வேலை செய்யும்? பல கருவிகளில் அந்நிறுவனத்தின் செயலியில் மட்டுமே அது இயங்கும். கைப்பேசியில் முன்பே உள்ள கேமராவிலோ வாட்ஸ்அப்பிலோ இயங்காது. அண்மைக் காலத்தில் வந்த சில கருவிகளில் தனியாக ஓர் உணரிக்கண் இருப்பதால் எந்தச் செயலியிலும் இயங்கும். மூன்றாவது, அச்செயலி உங்கள் கைப்பேசியில் இறங்குமா? கடையிலேயே மாட்டி, ஆளை நடக்க வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இவை ஏதும் இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம். ஒரு மூங்கில் கழியை நட்டு, கைப்பேசியை அதில் கட்டி, அதன் முன்னால் வேலையைச் செய்தால் போதும். முகத்தைப் பார்த்து இடவலமாக மட்டும் திரும்பும் மலிவான தாங்கிகளும் உண்டு. நகராமல் எடுக்கும் படத்துக்கு இவையே தாராளம். மண்வெட்டி போதும் என்கிற இடத்துக்குப் பொக்லைன் வேண்டாம்.

மற்றொரு கவனம். பிறரை அவர்கள் சம்மதமின்றிப் படமெடுத்து அனுப்பாதீர்கள். முக்கியமாக நடவுப் பெண்களை. பூச்சிமருந்து தெளிப்பதைப் படமெடுத்தால், தெளிப்பவர் கையுறையும் முகமூடியும் அணிந்திருக்க வேண்டும். வெறுங்கையால் மருந்து கலக்குவதை ஒருவர் படத்தில் பார்த்தால், நூறு பேர் வெறுங்கையால் கலக்குவார்கள். மருந்தின் அளவில் ஐயம் இருந்தால், அருகிலுள்ள உழவர் உதவியகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெளிந்தபின் படத்தை அனுப்புங்கள்.

மீண்டும் எடுத்த படம்

விதைத் தேர்வுப் படத்தை நாங்கள் மீண்டும் எடுத்தோம். இம்முறை பின்தொடரும் முறையைப் பயன்படுத்தவில்லை. வாளியைக் கைக்குழாய் அருகிலேயே வைத்து, மூங்கில் கழியில் கைப்பேசியைக் கட்டி, ஆறு படிகளையும் ஆறு துண்டாக எடுத்தோம். முளைப்பு இழந்த அந்தப் பக்கத்துக் கிராமத்து விவசாயியையே வரவழைத்து முதலில் அவருக்குக் காட்டினோம். அவர் வாயால் படிகளைச் சொன்னார். ஐந்தாவதாகக் "கழுவணும், மூணு தண்ணி" என்றார். அதன்பிறகே படம் வெளியே சென்றது. பழைய படம் யார் யாருக்குப் போனதோ, அவர்கள் எல்லோருக்கும் "முன்னதில் ஒரு வேலை விடுபட்டது, இதைப் பாருங்கள்" என்ற குறிப்போடு அனுப்பினோம்.

களைக்கருவிப் படத்துக்கு மட்டும் கிம்பலைப் பயன்படுத்தினோம். அம்மையார் தலையில் சிவப்புத் துண்டோடு நான்கு வரிசை ஓட்டினார். தலை முதல் உருளை வரை தெளிவாக விழுந்தது. படமெடுக்கும்போது வரப்பில் யாரும் இல்லை. நானும் இல்லை, அருகிலிருந்த வேப்பமர நிழலில் நின்றேன். வேலை முடிந்ததும் அவரே கரையேறி வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கருவியை நிறுத்தினார். "ஆள் கூலி மிச்சம் சார். ஆனா இது போற போக்குல விட்டுடக்கூடாது, நாமதான் பாத்துக்கணும்" என்றார்.

வரும் பருவத்தில் நீங்கள் செய்யும் ஏதேனும் ஒரு நல்ல வேலையை, ஒரே ஒரு வேலையை, இவ்வாறு படமெடுத்துப் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் காட்டுங்கள். படம் சற்றே ஆடினாலும் பரவாயில்லை. படிகளில் ஒன்றும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.